இமையைத் தொங்கவைக்கும் மருந்து

நித்தியகல்யாணிச் செடியைப் பார்த்திராதவர் உங்களில் ஒருவரும் இருக்க முடியாது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இச்செடி இன்று நம் வேலியோரமெல்லாம் பூத்து நிற்கிறது. இதிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து, குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்க்கு 1960களிலிருந்து கைகண்ட மருந்தாக இருந்து வருகிறது. (அதற்காக இலையைப் பறித்து மென்றுவிடாதீர்கள், அது நஞ்சு!)

ஆனால் இம்மருந்து ஏற்றப்படும் குழந்தைகளில் மிகச் சிலருக்கு ஒரு விசித்திரம் நேர்கிறது. இமை தானாகத் தொங்கிப் போகிறது; எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிறது. பார்வை நரம்பு கெட்டுவிட்டதா? இல்லை.

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். இமையின் மேலாக ஒரு கண்ணின் வெளியோரத்தை விரலால் மிக மெதுவாக அழுத்துங்கள். எதிரிலுள்ள விளக்கு இரண்டாகிறதல்லவா? கண்கள் ஒரே திசையில் நிற்காவிட்டால் இப்படித்தான். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் திருப்புகின்றன. அவற்றை ஆட்டுவிப்பவை மூளையிலிருந்து வரும் 3, 4, 6ஆம் நரம்புகள். மூன்றாம் நரம்பு மட்டுமே நான்கு தசைகளையும், இமையைத் தூக்கும் தசையையும் கவனித்துக் கொள்கிறது. அது சோர்ந்தால் இமை விழாமல் என்ன செய்யும்?

சரி, புற்றுநோய் மருந்துக்கு நரம்பில் என்ன வேலை? செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிப்பவை நுண்குழல்கள். ட்யூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. வின்கிரிஸ்டின் இப்புரதத்தைப் பற்றிக்கொண்டு குழல்களைக் கட்டவிடாமல் தடுக்கிறது. வெகுவேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல்கள் மடிகின்றன. நரம்புச் செல்லோ பிரிவதில்லை. ஆயினும் அதற்குள்ளும் அதே நுண்குழல்கள், சரக்கு ரயிலின் தண்டவாளம்போல் நீண்டு கிடக்கின்றன! தண்டவாளம் சிதைந்தால் கடைசி நிலையம்வரை உணவும் பொருளும் போய்ச் சேராது. பெரியவர்களில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள கால் நரம்புகளே முதலில் தவிக்கின்றன. அதனால்தான் மருத்துவர் சிறு சுத்தியலால் கணுக்காலின் பின்புறம் தட்டிப் பார்க்கிறார்.

உடலிலிருந்து வின்கிரிஸ்டினை அகற்றுவது கல்லீரல். பூஞ்சை நோய்க்கான இட்ரகோனசோல் அந்த வேலையைத் தடுத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து மிகுதி.

மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ கண் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதுவரை ஒரு கண்ணைத் துணியால் மறைத்துக்கொண்டால் போதும், புத்தகத்து எழுத்து ஒன்றாகவே தெரியும்.