ஒரு கேள்வியும் ஒரு மேற்படிப்பும்

எங்கள் பள்ளியில் இறகுப்பந்துப் பயிற்சிக்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். ஒரு நாள் முழுவதும் குறுகிய சர்வீஸ், மறுநாள் முழுவதும் நீண்ட சர்வீஸ். பயிற்சி முடியும் நேரத்தில் இருபதுக்குப் பதினெட்டு சரியாக விழும். அப்படிப் போட்டவர்களையே குறுவட்டப் போட்டிக்குத் தேர்வு செய்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தடுமாறிய எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. போட்டியன்று என் அணியின் சர்வீஸ் பலமுறை வலையில் முட்டியது. அடுத்த வாரம் பள்ளி மைதானத்தில் அந்த மாணவி இரண்டு சர்வீஸையும் பிசகாமல் போட்டுக்கொண்டிருந்தார். நான் எங்கே தவறினேன்?

பி.பி.எட். படித்த காலத்தில் உடலியக்கவியல் என்றால் எலும்பு, தசை, நெம்புகோல் என்றே நினைத்திருந்தேன். ஒரு திறனை உடலும் மூளையும் எப்படிக் கற்கின்றன என்பது இயக்கக் கற்றல். வயதோடு அது எப்படி மாறுகிறது என்பது இயக்க வளர்ச்சி. இவையும் அத்துறையின் பிரிவுகளே என்பது பிறகுதான் புரிந்தது.

1986இல் குட், மேகில் என்ற ஆய்வாளர்கள் இறகுப்பந்தின் மூன்று வகை சர்வீஸ்களைப் புதிதாகக் கற்போருக்குப் பயிற்சியளித்தனர். ஒரு குழு வகைவகையாகப் பிரித்துப் பழகியது. இன்னொரு குழு கலந்து பழகியது. பயிற்சிக்குப் பிறகு வைத்த தேர்வில் கலந்து பழகியவர்களே சிறப்பாகச் செய்தனர். பயிற்சி நேரத்தில் நாம் காண்பது அன்றைய செயல்திறன். நாள்கள் கழித்தும் நிலைப்பதே கற்றல். நான் முதலாவதைப் பார்த்து இரண்டாவதை முடிவு செய்திருக்கிறேன்.

ஆனால், சிறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. எந்த வயதில், எந்த அளவுக்குக் கலக்கலாம்? இதுவே என் மேற்படிப்புக்கான கேள்வி.

நம் நாட்டில் இதைப் பெரும்பாலும் எம்.பி.எட்., முனைவர் பட்டம் போன்ற உடற்கல்விப் படிப்புகளுக்குள்தான் படிக்க முடியும். மேலக்கோட்டையூரிலுள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், 1920இல் தொடங்கப்பட்டு இன்று நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி போன்றவை நமக்கு அருகிலேயே உள்ளன. எனினும், கல்லூரியின் பெயரைவிட வழிகாட்டும் பேராசிரியரின் ஆய்வுப் பொருளை முதலில் பாருங்கள். அவர் தசை வலிமையை ஆய்பவர் என்றால் என் கேள்விக்கு அங்கே இடமிருக்காது. உளவியலும் புள்ளியியலும் இப்படிப்புக்குத் தேவை. அவற்றை இப்போதே தொடங்கிவிட்டேன். பணியில் இருப்பவர்கள் சேர்வதற்கு முன்பே துறையின் அனுமதியைப் பெற்றுவிட வேண்டும்.

ஆய்வுக்கான குறிப்பேடு நம் மைதானத்திலேயே தொடங்கலாம். இப்போது பயிற்சி முடிந்து மூன்று நாள் இடைவெளி விட்டு, பிறகே மாணவர்களின் சர்வீஸைச் சோதித்து எழுதி வைக்கிறேன். அணித் தேர்வும் அதன்படியே நடக்கிறது. அந்த மாணவியிடம், "தப்பு என் பேர்லதாம்மா" என்று சொல்லிவிட்டேன். "அப்போ இந்த வருஷம் நான் உண்டா சார்?" என்று கேட்டார். குறிப்பேட்டை அவரிடமே நீட்டினேன்.