பழைய வாகனங்களில் மழைநீர்க் கசிவு: நிவித்திகலத் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

இரத்தினபுரி மாவட்டத்தில் வாகனமொன்றின் வயதை ஆண்டுக் கணக்கினால் மட்டும் அளத்தல் பொருந்தாது. அது எத்துணை மழையில் நின்றது என்பதையும் சேர்த்தே கணித்தல் வேண்டும். ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெறும் பகுதி இது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதற்கு முன்னும் பின்னும் பிற்பகல் வேளைகளில் இடியுடன் கூடிய மழை. தேயிலையும் இறப்பரும் மாணிக்கக் குழிகளும் அடுத்தடுத்து அமைந்த நிவித்திகல, கலவான போன்ற ஊர்களில், திறந்தவெளியில் நிறுத்தப்படும் வாகனம் முழுமையாக உலர்ந்துபோகும் நாட்கள் சிலவே.

இத்தகைய இடத்திற் பழைய வாகனங்கள் நிலைத்திருப்பது அவற்றின்மீது கொண்ட பற்றினால் மட்டுமன்று. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வாகன இறக்குமதியை ஒடுக்கியது. 1977இன் பின் கதவு திறந்தபோது யப்பானிற் பாவித்துக் கழித்த வான்கள் பெருமளவில் வந்திறங்கின. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேயே. இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் பழையவற்றைத் தட்டியும் ஒட்டியும் ஓட்ட வேண்டியதாயிற்று. இவற்றில் ஏறுவோர் யாவர் என்பதும் நோக்கத்தக்கது. லயத்திலிருந்து நகரப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளும், நள்ளிரவில் இரத்தினபுரிப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படும் நோயாளரும் பெரும்பாலும் ஏறுவது வாடகைக்குப் பிடித்த ‘டொல்பின்’ வானிலோ, அதனினும் மூத்ததொன்றிலோதான். புது வாகனத்தின் கூரை ஒழுகினால் அதன் உரிமையாளர் நனைவார். பழைய வாகனத்தின் தரை உக்கினால் ஆபத்துக்கு உள்ளாவோர் அதற்கு உரிமையில்லாதவர்கள்.

இது மிகைக்கூற்றன்று. 1948 முதல் 1971 வரை உற்பத்தியான மொறிஸ் மைனர் காருக்குத் தனியான அடிச்சட்டகம் கிடையாது. தகடுகளை மடித்தும் ஒட்டியும் ஆக்கிய உடலே அதன் சட்டகம். கதவுகளின் கீழ் நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற பகுதி அலங்காரமன்று. பாரத்தைத் தாங்குவதே அது. கம்பளத்தின் கீழ் தேங்கும் நீர் மெல்ல மெல்ல அரிப்பது இப்பகுதியையே. அக்காரின் தடையை இயக்கும் பிரதான உருளையும் சாரதியின் காலடித் தரைக்குக் கீழேதான் இருக்கின்றது. அதற்குத் திரவம் ஊற்றும் வாய் தரையிலுள்ள மூடியின் கீழ் அமைந்துள்ளது. தடைத்திரவமோ ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பின்னாளைய வான்களில் அமைப்பு வேறாயினும், இருக்கைகளைப் பிணைக்கும் ஆணிகள் தரைத்தகட்டையே பற்றி நிற்கின்றன. ஆகவே, ‘கொஞ்சம் தண்ணி வருது, வேறொண்டுமில்லை’ என்று சாரதிமார் சொல்வதை நாம் அத்துணை இலகுவில் ஏற்பதற்கில்லை.

கசிவைத் தேடுவோர் முதலில் உணர வேண்டியது, நீர் தோன்றும் இடம் வேறு, நீர் புகும் இடம் வேறு என்பதே. நீர் ஒரு பொருத்தின் வழியே நுழைந்ததும் நேரே துளித்து விழுவதில்லை. தகடுகள் ஒன்றன்மேலொன்று படிந்த ஒடுங்கிய இடைவெளியில் மயிர்த்துளைத் தன்மையினால் அது பக்கவாட்டிற் பரவுகின்றது. சில சமயம் மேல்நோக்கியும் ஏறுகின்றது. பின்னர் மின்கம்பியொன்றைப் பற்றிக்கொண்டோ கண்ணாடித் தூணின் உட்புறமாகவோ ஓடி, முன்பலகையின் பின்னால் மறைந்து, கம்பளத்தின் கீழுள்ள சணல் விரிப்பில் ஊறி, தரையின் மிகத் தாழ்ந்த மூலையிற் குளமாகின்றது. அக்குளத்தைக் கண்டு அவ்விடத்தே தார் பூசுபவர், ஒழுகும் கூரையின் கீழ் வைத்த பாத்திரத்தின் அடியை அடைப்பவரை ஒத்தவர்.

மலைநாட்டில் இச்சிக்கல் இரட்டிப்பாகின்றது. சமதரை என்பது இங்கு அரிது. லயத்தின் முன்னால் ஏற்றத்தை நோக்கி நிறுத்திய வானில் நீர் பின்னிருக்கையின் கீழ் சேரும். மறுநாள் கடைத்தெருவில் இறக்கம் நோக்கி நிறுத்தினால் அதே நீர் முன்னிருக்கையின் கீழ் காணப்படும். இரண்டு ஓட்டைகள் இருப்பதாகச் சாரதி முறையிடுவார், இருப்பது ஒன்றே. எனவே எந்த வாட்டத்தில் நிறுத்தியபோது எங்கே ஈரம் கண்டது என்பதைக் குறித்து வைத்தல் முதற்பணி. நிற்கும்போது வருகின்றதா, ஓடும்போது வருகின்றதா என்பதும் இரண்டு வேறு வினாக்கள். ஓடும் வாகனத்தில் முன்கண்ணாடியின் அடியில் வளியமுக்கம் மிகுகின்றது. உள்ளே அமுக்கம் குறையுமாயின் பின்கதவின் விளிம்பால் நீரும் புழுதியும் உறிஞ்சப்படுகின்றன. கொழும்புப் பெருஞ்சாலை வேகத்தில் இது பொருட்படுத்த வேண்டிய காரணமே. தோட்டப் பாதையின் வேகத்தில் இதற்கு இடமில்லை; ஆங்குக் காரணம் வேறு. ஒரு சக்கரம் குழியிலும் மற்றொன்று கல்லிலுமாக உடல் முறுகும்போது, நிற்கையில் மூடியிருந்த பொருத்து வாய்திறக்கின்றது. நிறுத்தி வைத்துக் குழாயால் நீரடித்துப் பார்த்து ‘ஒழுக்கு இல்லை’ என்று விட்டுவிடுவோர் இதனை எண்ணுவதில்லை. ஒரு சக்கரத்தைக் கல்லின்மேல் ஏற்றி நிறுத்தி அதே சோதனையைச் செய்தால் உண்மை வெளிப்படும்.

இப்பகுதிக்கே உரியதெனத்தக்க காரணமொன்று உண்டு. முன்கண்ணாடிக்கும் இயந்திர மூடிக்கும் இடையே, வளி உட்செல்வதற்கான துவாரங்களின் கீழ், பல வாகனங்களில் ஒரு தொட்டி அமைந்துள்ளது. மழைநீர் அதனுள் விழுதல் இயல்பே. விழுந்த நீர் இருபுறமும் உள்ள வடிகால்களால் நிலத்திற் சேர்தல் வேண்டும் என்பதே அமைப்பு. இறப்பர் மரங்கள் பொதுவாக ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இலையுதிர்க்கின்றன. மர நிழலில் நிறுத்திய வாகனத்தின் தொட்டியில் அவ்விலைகள் விழுந்து மக்கி, வடிகாலின் வாயில் சேறாகப் படிகின்றன. மார்ச்சு, ஏப்ரல் இடிமழையில் தொட்டி நிரம்பி வழிந்து வளித்துவாரத்தின் வழியே சாரதியின் காலில் இறங்குகின்றது. உடனே கண்ணாடி இறப்பரை மாற்றுகின்றனர். ஒழுக்கு நிற்பதில்லை, பணம் போயிற்று. ஒரு கம்பித் துண்டும் ஒரு வாளித் தண்ணீருமே அங்கு வேண்டியிருந்தன.

கதவின் கதையும் ஏறக்குறைய இதுவே. கதவுக் கண்ணாடியின் வெளிப்புற இறப்பர் விளிம்பு நீரை முற்றாகத் தடுப்பதற்கு அமைந்ததன்று. கதவின் உள்ளே நீர் புகுவதும், அடியிலுள்ள சிறு துளைகளால் வெளியேறுவதும் அமைத்தவர்கள் எண்ணியவையே. உட்புறப் பலகையின் பின்னால் ஒட்டப்பட்ட மெழுகுத்தாளோ பிளாஸ்திக்குத் தாளோ அந்நீர் வாகனத்துள் வராது தடுக்கின்றது. ஒலிபெருக்கி பொருத்துவோர் அத்தாளைக் கிழித்தெறிந்துவிடுகின்றனர். கதவின் அடித்துளைகளை, அவை கறள் பிடித்த ஓட்டைகள் என்றெண்ணி, புட்டியால் அடைப்போரும் உளர். அதன்பின் கதவு ஒரு தொட்டியாகின்றது. நடக்கையில் ‘களக், களக்’ என்ற ஒலி கேட்குமாயின் வேறு சான்று வேண்டியதில்லை.

முன்கண்ணாடியைச் சூழ்ந்த இறப்பர் உண்மையிற் குற்றவாளியாகும் சந்தர்ப்பங்களும் பல. வெயிலில் அது இறுகி வெடிக்கின்றது. ஆனால் அதன் கீழுள்ள தகட்டின் நிலையைப் பாராது புதிய இறப்பரை இடுதல் வீண். இரும்பு கறளாகும்போது அதன் கனவளவு பன்மடங்கு பெருகுகின்றது. அப்பெருக்கம் இறப்பரைத் தூக்கி நீருக்கு வழிசெய்கின்றது. வந்த நீர் மேலும் கறளை வளர்க்கின்றது. காரணமும் விளைவும் ஒன்றையொன்று ஊட்டும் இச்சுழற்சியை, தகட்டைச் சுரண்டித் தூய்மை செய்து, வேண்டுமிடத்து ஒட்டுப் போட்டு, வர்ணம் பூசிய பின்னரே அறுக்கலாம்.

தோட்டத் துரைமாரின் வாகனமாகப் பெயர்பெற்ற லாண்ட்ரோவர் இவ்வகையில் தனித்து நோக்கற்பாலது. போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாட்டின் காரணமாக 1948இல் அதன் உடல் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆக்கப்பட்டது. அடிச்சட்டமும் சாரதிக்கு முன்னாலுள்ள தடுப்புச் சுவரும் உருக்கு. அலுமினியம் கறள் பிடியாது என்ற நம்பிக்கையில் அதன் ஒழுக்கைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இரு வேறு உலோகங்கள் தொடுமிடத்தில் ஈரம் தங்கினால் அது மின்கலம் போலத் தொழிற்பட்டு, தாக்குதிறன் மிகுந்த அலுமினியம் வெண்பொடியாக உதிர்கின்றது. உருக்குச் சுவரோ, கால் வைக்குமிடத்தில், தன் வழக்கப்படி சிவந்து உக்குகின்றது. கண்ணாடியின் கீழுள்ள வளிக்கதவுகளின் இறப்பரும், கூரை கண்ணாடிச் சட்டத்தோடு பொருந்தும் விளிம்பும் இவ்வாகனத்தில் முதலிற் பார்க்க வேண்டிய இடங்கள்.

காலடியில் ஈரம் கண்டவிடமெல்லாம் மழைநீர் என்று துணிதலும் தவறு. சூடாக்கி பூட்டிய வாகனத்தில் அதன் குழாய் கசிந்தால் ஈரம் பிசுபிசுக்கும். குளிர்திரவத்தின் இனிய மணம் வீசும். குளிரூட்டி பூட்டிய வானில் அதன் வடிகுழாய் அடைபட்டால் வெயில் நாளிலும் தரை நனையும். சக்கரம் வீசும் சேற்றுநீர் அடியிலுள்ள துளைகளின் இறப்பர் மூடிகள் கழன்ற வழியே மேலேறும். அந்நீர் விட்டுச்செல்லும் செம்மண் படிவே அதனைக் காட்டிக்கொடுக்கும்.

தேடும் முறையைச் சுருங்கக் கூறலாம். கம்பளங்களையும் சணல் விரிப்பையும் முற்றாகக் கழற்றுதல் வேண்டும். இந்நாட்டு ஈரப்பதனில் அவ்விரிப்பு வாரக்கணக்கில் உலராது. உலர்ந்ததாகத் தோன்றினும் நம்பத்தக்கதன்று. தரையையும் தூண்களையும் துணியால் துடைத்து, ஐயுறும் இடங்களில் சுண்ணக்கட்டித் தூளைத் தூவினால், நீர் சென்ற தடம் கோடாகத் தெரியும். பின்னர் ஒருவர் கைவிளக்கோடு உள்ளே அமர, மற்றொருவர் வெளியிலிருந்து மெல்லிய நீரை விடுதல் வேண்டும். கீழிருந்தே தொடங்கவேண்டும் என்பது இங்கு இன்றியமையாத விதி. மேலிருந்து தொடங்கினால் ஓடும் நீர் எல்லாப் பொருத்துகளையும் ஒருங்கே நனைத்து, எது குற்றமுடையது என்று அறியவொட்டாது செய்துவிடும். கதவின் அடிவிளிம்பு, கதவிடுக்கு, கண்ணாடியின் கீழ்விளிம்பு, மேல்விளிம்பு, கூரை வாய்க்கால் என ஒவ்வோரிடத்திலும் பல நிமிடங்கள் பொறுத்து மேலேறுதல் நன்று. நீரடித்துக் கழுவும் இயந்திரத்தின் வேகம் இதற்கு ஆகாது. எந்த மழையும் அவ்வேகத்தில் பெய்வதில்லை. கதவிறப்பர் அழுத்தமாகப் பொருந்துகின்றதா என்றறிய, ஒரு தாள் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்க்கலாம். தடையின்றி வழுகி வந்தால் அவ்விடம் தளர்ந்துள்ளது. இரவில் உள்ளே விளக்கேற்றி வெளியிலிருந்து ஒளி தெரியும் இடங்களை நோக்கலும் பயன்தரும்.

சிலிக்கன் பசையைக் கண்ட இடமெல்லாம் பிதுக்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. கறளின்மேல் அது ஒட்டுவதில்லை. ஒட்டினாலும், மேல்வாயை விட்டுக் கீழ்வாயை அடைத்தால் நீரை உள்ளே சிறைவைப்பதாகவே முடியும். ஆயினும் நாட்கூலிக்கு ஓட்டும் ஒருவர், நாளை வான் ஓட வேண்டும் என்ற நிலையில், ஒரு குழல் பசையை நாடுவதை அறியாமை என்று இகழ்தல் முறையன்று. ஒழுங்காகத் தேடுவதற்கு ஒரு முழுநாள் வேண்டும். அந்நாளின் வருமானத்தை ஈடுசெய்வார் எவருமிலர்.

கொழுந்து லொறிகளைப் பற்றியும் ஒன்று சொல்லுதல் வேண்டும். அவற்றின் ஒழுக்கு பெரும்பாலும் படங்கின் தையல்களிலும், மரப்பக்கங்கள் தகட்டோடு சேரும் மூலைகளிலும் உண்டாகின்றது. நனைந்த கொழுந்தை வாட்டுவதற்கு மிகுந்த நேரமும் எரிபொருளும் செலவாகும். தோட்டத்தில் நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோக் கணக்கிற் கழிக்கும் வழக்கம் உண்டு. அக்கழிவு கொழுந்தெடுத்த பெண்ணின் கணக்கிலேயே விழுகின்றது. நிறுத்த பின்னர், கிழிந்த படங்கின் வழியே லொறியில் ஏறும் நீருக்கோ எவர் கணக்கிலும் பற்று எழுதப்படுவதில்லை. ஒரே மழைதான்; கணக்கு மட்டும் இரண்டு.

இவ்வறிவு முழுவதும் கராஜ்களில் வழங்குவது; ஏட்டில் ஏறாதது. தமிழரும் சிங்களவரும் ஒரே குழியில் இறங்கி வேலைசெய்யும் அவ்விடத்தில், ‘பாஸ்’ என்ற ஒல்லாந்தச் சொல் சிங்களத்தின் வழியே வந்து தமிழ் வாயிலும் நிலைத்தது. பீடிங், டிங்கரிங், புட்டி என்பன ஆங்கிலத்தின் கொடை. கறள், படங்கு என்பன நம்முடையவை. கலைச்சொல்லாக்கம் பற்றி மண்டபங்களில் விவாதிக்கும் நாம், இச்சொற்கோவையை ஒருமுறை சென்று கேட்டு எழுதி வந்தால் நன்றாயிருக்கும்.

2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனை, பெயருக்கேற்பப் புகையையே அளக்கின்றது. தரைத்தகட்டை அது நோக்குவதில்லை. பிள்ளைகளை ஏற்றும் வானின் தரையை ஆராயக் கம்பளத்தைத் தூக்கி, இருக்கை ஆணிகளைச் சுற்றித் திருகாணிச் சாவியின் பிடியால் தட்டிப் பார்த்தாலே போதும். நல்ல தகடு கணீரென ஒலிக்கும். உக்கிய தகடு மந்தமாக ஒலித்துப் பொருக்கு உதிர்க்கும். இதற்கு ஏற்ற காலம் பெப்ரவரியின் இறுதி: இறப்பர் இலைகள் விழுந்து முடிந்திருக்கும், ஏப்ரல் மழை இன்னும் வந்திராது.