உங்கள் கணனியில் உள்ள வின்ரார் எத்தனையாம் பதிப்பு?

கடையை மூடியபின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் நம்மில் எவரும் வீடு செல்வதில்லை. ஆனால் கடன் பட்டியல், வங்கி விபரம், கொள்வனவுக் கணக்கு எல்லாம் இருக்கும் கணனியை அப்படிப் பார்ப்பவர் குறைவு.

விநியோகஸ்தர் அனுப்பும் விலைப்பட்டியலும் பொருட்களின் படங்களும் பல நேரங்களில் ஒரே பொதியாகச் சுருக்கப்பட்டே மின்னஞ்சலில் வருகின்றன. அதைப் பிரிக்க நம்மில் பலர் பாவிப்பது வின்ரார் மென்பொருள். 40 நாள் பரீட்சார்த்தக் காலம் முடிந்தாலும் அது தொடர்ந்து வேலை செய்யும். அதனால் என்றோ போட்டதை அப்படியே விட்டு விடுகிறோம். ஆபத்து அங்கேதான்.

19 வருடங்களாக அதில் இருந்த ஓர் ஓட்டை 2019இல் தெரியவந்தது. 2023இல் இன்னொரு ஓட்டை வழியாக, இணையத்தில் பங்கு, கிரிப்டோ நாணய வர்த்தகம் செய்வோர் குறிவைக்கப்பட்டனர். பொதிக்குள் இருந்த சாதாரணப் படத்தைத் திறந்ததும் திருட்டு நிரல் ஓடியது. அவ்வருடம் ஆகஸ்டில் வந்த 6.23ஆம் பதிப்பு அதை அடைத்தது.

2025இல் மற்றொன்று. வேலை கேட்பவரின் சுயவிபரக் கோவை போல வந்த பொதியைப் பிரித்தால், விண்டோஸ் ஆரம்பிக்கும்போது தானாக இயங்கும் இடத்தில் ஒரு கோப்பு போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்தமுறை கணனியைப் போட்டதும் அது தன் வேலையைத் தொடங்கும். 2025 ஜூலை 30இல் வந்த 7.13ஆம் பதிப்பு இதைத் திருத்தியது.

திருத்தம் வந்தாலும் வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. வின்ராரைத் திறந்து, 'ஹெல்ப்' பகுதியில் 'அபௌட் வின்ரார்' என்பதை அழுத்திப் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

2. 7.13க்குக் குறைவானால், அந்நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டும் புதியதை எடுத்துப் பழையதன் மேலேயே நிறுவுங்கள். யாரோ தந்த பிரதி வேண்டாம்.

3. புதிய பதிப்பு ஓட்டையை அடைக்குமே தவிர, ஏற்கனவே உள்ளே வந்த கள்ளனை வெளியேற்றாது. ஆகவே வைரஸ் தடுப்பு மென்பொருளால் முழுக் கணனியையும் சோதியுங்கள்.

4. எதிர்பாராத பொதி வந்தால், பிரிக்குமுன் அனுப்பியவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.

5. கணக்குகளை வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்து, கழற்றித் தனியே வையுங்கள்.

இதில் முதல் வேலைக்கு ஒரு நிமிடம் போதும். நாளை கடை திறந்ததும், மின்னஞ்சல் பார்க்குமுன் அதைச் செய்யுங்கள்.