வீடு திருத்தும் வேலையைத் தொழிலாகச் செய்யப் போகிறவர்களுக்கு

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானவை புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு பிரதேசங்களில் தங்கின. இருபது வருடங்களுக்கு மேலான அந்த வாழ்க்கையில் பலர் மேசன், ஓடாவி, கம்பி கட்டுபவர், வயரிங் வேலை செய்பவர் எனத் தொழில் பழகிக்கொண்டார்கள். இப்போது முசலிக்கும் மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பும்போது உங்களுடன் வருவது அந்தத் தொழில்தான். ஊரில் வேலைக்குக் குறைவில்லை. கூரை போன வீடு, சுவருக்குள் ஆலமரம் முளைத்த வீடு, இடிந்த கிணறு என்று எங்கும் வேலை கிடக்கிறது.

ஆனால் கைத்திறமை உள்ள எல்லோருக்கும் தொழில் நிலைப்பதில்லை. மீள்குடியேறிய கிராமங்களில் எமது உத்தியோகத்தர்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு: “பாஸ் முற்பணம் வாங்கினார், அத்திவாரத்தோடு நின்றுவிட்டது.” மறுபக்கத்தில் மேசன்மாரும் சொல்கிறார்கள்: “வேலை செய்தேன், காசு வரவில்லை.” பெரும்பாலும் இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. பணம் எங்கே நின்றது என்பதை எழுதி வைக்காததுதான் பிரச்சினை.

முதலில் உதவிப்பணம் எப்படி வருகிறது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். உதாரணமாக, வடக்கு கிழக்கில் நடந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் வழங்கப்பட்டன. இப்படியான பணம் மேசனுக்கு வருவதில்லை. வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குக் கட்டங்கட்டமாக வருகிறது. ஒரு கட்ட வேலை முடிந்து, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த கட்டம். ஆனால் உங்கள் ஆட்களுக்குக் கூலி சனிக்கிழமை கொடுக்க வேண்டும்.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். இலக்கங்கள் விளக்கத்துக்கு மட்டுமே. உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். கூலி வேலையாக 90,000 ரூபாவுக்கு ஒரு வீட்டைப் பொறுப்பேற்கிறீர்கள். மூன்று கட்டம், கட்டத்துக்கு 30,000. உங்களையும் சேர்த்து மூன்று பேருக்கு ஒரு நாள் கூலி 4,000. இருபது நாள் வேலை என்றால் 80,000. போக்குவரத்துக்கும் ஆயுதத் தேய்மானத்துக்கும் 6,000 வைத்தால் மிச்சம் 4,000. ஒரு நாள் மழை பெய்து, ஆட்கள் வந்த கூலியோடு திரும்பினால் அந்த மிச்சமும் இல்லை. முதற்கட்டம் ஏழு நாள் எடுத்தால் கையிலிருந்து 28,000 போன பிறகுதான் 30,000 வரும். அதுவும் உத்தியோகத்தர் பார்வையிட்டு, வங்கியில் பணம் விழுந்த பின்னர். அதற்குள் இரண்டாம் கட்டத்தையும் தொடங்கிவிட்டால் இன்னொரு 28,000 வேண்டும்.

ஆகவே ஒரே நேரத்தில் எத்தனை வீடு எடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது கையிருப்புப் பணமே. ஆள் எண்ணிக்கை அதன் பிறகுதான். இதைக் கவனிக்காத ஒருவர் என்ன செய்கிறார்? இரண்டாவது வீட்டில் முற்பணம் வாங்கி முதல் வீட்டுக் கூலியைக் கொடுக்கிறார். மூன்றாவது வீட்டு முற்பணத்தில் இரண்டாவது வீட்டுக்குச் சீமெந்து வாங்குகிறார். வேலை நிறைய நடப்பதுபோல் தெரியும். புதிதாக ஒரு வீடும் கிடைக்காத மாதத்தில் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும். அப்போது பாதிச் சுவரோடு நிற்கும் குடும்பத்துக்கு இரண்டாவது உதவிப்பணம் கிடையாது. மேசனுக்கும் அந்த ஊரில் தலைகாட்ட முடியாது. அது அவருடைய சொந்த ஊர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு மருந்து ஒரு சிஆர் கொப்பி. வீட்டுக்கு ஒரு பக்கம். இடது பக்கத்தில் அந்த வீட்டுக்காரர் தந்த பணம், திகதியுடன். வலது பக்கத்தில் அந்த வீட்டுக்குச் செலவானது. ஒரு வீட்டுப் பணம் இன்னொரு பக்கத்துக்குப் போகக் கூடாது. கட்டாயம் போக வேண்டி வந்தால் கடன் என்று எழுதி, திருப்பிக் கொடுக்கும் திகதியையும் எழுதுங்கள். உங்கள் சொந்தச் சாப்பாட்டுச் செலவு இந்தக் கொப்பிக்குள் வரவே கூடாது. உங்களுக்கும் ஒரு நாள் கூலி நிர்ணயித்து, அதை மட்டும் எடுங்கள். வீட்டில் கணக்கு எழுதத் தெரிந்த மனைவியோ மகளோ இருந்தால் கொப்பியை அவரிடம் கொடுப்பதே நல்லது என்பது எமது அனுபவம். களைத்துப்போய் வரும் மேசன் இரவில் எழுதமாட்டார்.

ஆரம்பத்தில் பொருட்களுடன் சேர்த்து ஒப்பந்தம் எடுக்க வேண்டாம் என்பதே எமது ஆலோசனை. சீமெந்து, மணல், கம்பி, ஓடு எல்லாவற்றையும் வீட்டுக்காரரே வாங்கட்டும். நீங்கள் அளவு எழுதிக் கொடுங்கள். இலாபம் குறையும். ஆனால் விலை ஏறினால் நட்டம் உங்கள் தலையில் விழாது, “சீமெந்தை எங்கே கொண்டுபோனாய்” என்ற கேள்வியும் வராது. மணல் கொண்டுவர அனுமதிப்பத்திரம் தேவை. அது இல்லாத லோட்டை யார் வாங்கினாலும் வழியில் பிடிபடலாம்.

விலை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

நீண்ட காலம் ஆள் இல்லாத வளவுக்குள், கண்ணிவெடி அகற்றப்பட்ட இடம் என்று கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தாமல் கால் வைக்க வேண்டாம். இடிபாட்டுக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ சந்தேகமான பொருள் தெரிந்தால் தொடாமல் விலகி வந்து அறிவியுங்கள்.

பிறகு, எதையும் இடிக்கும் முன் தொலைபேசியில் படம் எடுங்கள். வீட்டின் நான்கு பக்கமும், ஒவ்வொரு அறையும். வீட்டுக்காரர் இழப்பீட்டுக்கு விண்ணப்பித்திருந்தால் அந்தப் படம் அவருக்குத் தேவைப்படலாம். “இந்த வெடிப்பு முன்பே இருந்தது” என்று சொல்ல உங்களுக்கும் அது உதவும்.

சுவரைப் பார்த்து விலை சொல்லாதீர்கள்; அத்திவாரத்தை ஓரிடத்திலாவது தோண்டிப் பாருங்கள். ஆல், அரசு வேர் உள்ளே போயிருந்தால் மேலே வெட்டிப் பூசுவதில் பயனில்லை. லிண்டலில் கம்பி வழியே வெடிப்பு ஓடினால் உள்ளே துரு ஏறி கம்பி ஊதிவிட்டது என்று அர்த்தம். முந்தல் களப்போரம் வேலை செய்தவர்களுக்கு உப்பு கம்பியை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. சிலாவத்துறை, அரிப்புப் பக்கமும் அதே கடற்காற்றுதான். கடல் மணலைக் கழுவாமல் கொங்கிறீற்றில் போட வேண்டாம். மரங்களைத் தட்டிப் பார்த்துக் கறையானைத் தேடுங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றுகளைக் கழற்றும்போது நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதி. வடகீழ்ப் பருவமழைக்கு முன் கூரை முடிய வேண்டும். ஆகவே ஓகஸ்டுக்குப் பின் எடுக்கும் வேலையில் கூரையையே முதலில் கணக்குப் போடுங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

உறவினர் வீடு என்றாலும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். என்ன வேலை, எது இதில் அடங்காது, எத்தனை கட்டம், பொருள் யார் வாங்குவது, இடையில் கூட்டிய வேலைக்கு என்ன விலை. “அடங்காதவை” என்ற வரிதான் பெரும்பாலான சண்டைகளைத் தடுக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ ஒருவரைச் சாட்சியாகப் போடலாம். கட்டங்களை உதவிப்பணம் வரும் கட்டங்களுக்கு ஒத்ததாக வகுத்துக்கொள்ளுங்கள். பெண் தலைமை தாங்கும் குடும்பமாக இருந்தால் ஒப்பந்தத்தை அவருக்கு வாசித்துக் காட்டி, அவரிடமே கையொப்பம் வாங்குங்கள். அவருக்காக ஒரு சகோதரர் பேசி முடித்த வேலை பின்னர் இரண்டு வீட்டுக்கும் வழக்காகிறது.

இரண்டு மூன்று பேர் பங்காகச் சேர்ந்தால் அதையும் எழுத வேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடிகளைத் தடுக்கும் கட்டளைச் சட்டத்தின்படி மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருந்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கும். இன்று 1,000 ரூபாவுக்கு ஒரு நல்ல மட்டக்கோல்கூட வாங்க முடியாது; எனவே இது எல்லோருக்கும் பொருந்தும்.

தொழிலின் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிவு செய்யலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால் தொழிலின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம். நிறுவனங்களின் வேலைக்கு விலைமனுவும் கொடுக்கலாம். கையால் பழகிய தொழிலுக்கும், பரீட்சித்துப் பார்த்து, முன் அனுபவத்தின் அடிப்படையில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை உள்ளது. நைட்டா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஆட்களை வேலைக்கு வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் தருநர் 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் தொழில் தருநரே கட்ட வேண்டும். இந்த 15 வீதத்தை விலை சொல்லும்போதே சேர்க்காவிட்டால் பின்னர் எங்கிருந்தும் எடுக்க முடியாது. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் நட்டஈடு கொடுக்கும் பொறுப்பும் உங்களுடையதே. ஆகவே சாரம் கட்டும் கயிற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வேலை முடிந்து கடைசிப் பணம் வாங்கும்போது, முதல் பெருமழைக்குப் பின் ஒரு நாள் வந்து கூரையையும் லிண்டலையும் பார்ப்பதாகத் திகதி குறித்துக் கொடுங்கள். அந்த ஒரு நாள் கூலியையும் மதிப்பீட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஒழுக்கு இருந்தால் அன்றே அடைத்துவிடலாம். வீட்டுப் பக்கத்தின் மாதிரியும் ஒப்பந்த மாதிரியும் இச்சிறுநூலின் பின் அட்டை உட்புறத்தில் உள்ளன. தேவையான அளவு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.