உமியா, மரத்தூளா, கடலைத் தோலா? கோழிக் கொட்டகையில் எதைப் பரப்பலாம்?

நாலைந்து குஞ்சுகள் அடுத்தடுத்துச் சுருண்டு விழுந்தால், நாம் முதலில் சந்தேகப்படுவது தீவனத்தை. அடுத்து தண்ணீரை. அதுவும் இல்லையென்றால் 'யார் கண் பட்டதோ' என்று புலம்புவோம். அந்தக் குஞ்சு நாள் முழுக்க மிதித்து, கிளறி, கொத்தி, அதன் மேலேயே படுத்துறங்கும் தரையைக் குனிந்து பார்க்கத் தோன்றாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல கொட்டகைகளில் சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

தரையில் பரப்பும் படுக்கைக்கு 'ஆழ்கூளம்' என்று பெயர். அதற்கு மூன்று வேலைகள். எச்சத்தின் ஈரத்தை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிய ஈரத்தைக் காற்றில் விட்டு உலர வேண்டும். கட்டி தட்டாமல் பொலபொலவென்று இருக்க வேண்டும். கோழி தான் தின்னும் தீவனத்தைப்போல ஏறத்தாழ 2 மடங்கு தண்ணீர் குடிக்கும். அதில் பெரும்பகுதி எச்சத்தோடு தரைக்குத்தான் வந்து சேரும்.

கூளம் ஈரமாகவே கிடந்தால் அமோனியா வாடை கிளம்பும். கோழிக்குக் கண் எரியும், மூச்சுத் திணறும். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள், ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாள்களிலேயே தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். அப்புறம் மருந்துச் செலவுதான்.

எதை வாங்கலாம்?

நெல் உமி: டெல்டா பக்கம் அரிசி ஆலைகளில் எளிதாகக் கிடைக்கும். ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. ஆனால் சீக்கிரம் கட்டி தட்டாது, கிளறவும் சுலபம். தவிடும் குருணையும் கலந்த உமி வேண்டாம். பூச்சியும் எலியும் வரும்.

மரத்தூள்: நன்றாக உறிஞ்சும். ஆனால் மாவு போன்ற நைஸ் தூள் குஞ்சுகளின் மூக்கை அடைக்கும். இழைப்புளியில் விழும் மரச்சுருள் இன்னும் நல்லது. பிளைவுட், பாலிஷ் போட்ட மரம் அறுத்த தூளைத் தொடவே தொடாதீர்கள். அதில் பசையும் ரசாயனமும் இருக்கும்.

கடலைத் தோல்: நிலக்கடலை விளையும் ஊர்களில் மலிவு. வாங்கும் முன் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். முக்கல் வாடை அடித்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. அது குஞ்சுகளின் நுரையீரலைத் தாக்கும்.

தென்னை நார்க்கழிவு: பொள்ளாச்சிப் பக்கம் தாராளம். தன் எடையைப்போலப் பல மடங்கு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நன்றாகக் காயவைத்த பிறகே பரப்ப வேண்டும். தூசு பறந்தால் உமியோடு கலந்துகொள்ளலாம்.

வைக்கோல்: முழுசாகப் போட்டால் பாய் மாதிரி படிந்துவிடும், அடியில் பூஞ்சை பூக்கும். 1 அல்லது 2 அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள்.

பக்கத்தில் எது காய்ந்த நிலையில், சுத்தமாக, தொடர்ந்து கிடைக்கிறதோ அதுதான் உங்களுக்கு ஏற்றது. உமியையும் மரத்தூளையும் கலந்து போட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும்.

எவ்வளவு உயரம்?

குஞ்சுகளுக்கு 2 முதல் 3 அங்குலம், வளர்ந்த கோழிகளுக்கு 4 முதல் 6 அங்குலம். முதல் நாலு நாள்கள் தீவனம் எது, தூள் எது என்று குஞ்சுகளுக்குத் தெரியாது. அதனால் கூளத்தின் மேல் செய்தித்தாள் விரித்து, தினமும் மாற்றுங்கள். வழவழப்பான தாள் கூடாது. வழுக்கிக் கால் அகன்றுவிடும். கதகதப்புக்கு பல்பு தொங்கவிட்டால் அது கூளத்தில் விழாதபடி கம்பியால் கட்டுங்கள். காய்ந்த உமியும் தூளும் தீப்பிடிக்கும்.

கைப்பிடிச் சோதனை

ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் அதிகம். லேசாகச் சேர்ந்து உடனே உதிர்ந்தால் சரியான பக்குவம். சேராமல் தூசாகப் பறந்தால் மிகவும் காய்ந்துவிட்டது. தண்ணீர்க் குவளையின் அடியிலும் சுவரோரத்திலும் அள்ளிப் பாருங்கள். முதலில் கெடும் இடங்கள் அவைதான்.

கட்டி தட்டிய இடத்தை மட்டும் வாரி எடுத்துவிட்டுப் புதுக் கூளம் போடுங்கள். மற்றதை வாரத்துக்கு இரண்டு முறையாவது கிளறிவிடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி கிளற வேண்டும். சுண்ணாம்புத் தூள் தூவும் பழக்கம் உண்டு. கோழிகள் உள்ளே இருக்கும்போது அளவு மீறினால் அமோனியா வாடை இன்னும் கூடும், கவனம்.

எந்தக் கூளத்தைப் போட்டாலும், தண்ணீர்க் குவளை ஒழுகினால் பலன் இல்லை. குவளையின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருந்தால் தண்ணீர் சிந்துவது குறையும். சாரல் அடிக்கும் பக்கம் படுதாவை இறக்குங்கள். ஆனால் காற்று வர மேலே இடம் விடுங்கள். வளர்ந்த கோழி ஒன்றுக்கு 2 சதுர அடியாவது வேண்டும். நெருக்கினால் எந்தக் கூளமும் தாங்காது.

புரட்டாசி முடிவதற்குள் இரண்டு மூட்டைக் கூளம் வாங்கி, நனையாத இடத்தில் அடுக்கிவிடுங்கள். அடைமழையில் காய்ந்த உமிக்கு அலைய வேண்டியிருக்காது. கழித்த கூளத்தையும் வீசாதீர்கள். அப்படியே செடிக்குப் போட்டால் சூட்டில் வேர் கருகும். குவித்து, ஈரம் காட்டி, மக்கவைத்துப் போட்டால், தோட்டத்துக்கு உர மூட்டை வாங்கும் செலவு குறையும்.