காந்தம் ஒட்டவில்லையா? உள்ளே துரு!
பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைக் காப்பாற்றும் டிங்கர் வேலை

ராமகுப்பம்:

பளபளக்கும் சிவப்பு வண்ணம். தரையை ஒட்டிய தாழ்ந்த உருவம். இரண்டே பேர் உட்காரும் இருக்கை. மடக்கி வைக்கும் துணிக்கூரை. இப்படி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ராமகுப்பத்துச் சாலையில் வந்தால், டீக்கடையில் இருப்பவர்கள் கிளாசை வைத்துவிட்டு எழுந்து நின்று பார்ப்பார்கள். "என்னா வண்டி!" என்று வியப்பார்கள்.

டிங்கர் வேலை தெரிந்தவர் வண்ணத்தைப் பார்க்க மாட்டார். குனிந்து கதவுக்குக் கீழே பார்ப்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து அங்கே வைப்பார். ஒட்டிக்கொண்டால் அங்கே இரும்பு இருக்கிறது. வழுக்கி விழுந்தால் அங்கே இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பட்டிக்குப் பின்னால் துரு இருக்கிறது.

ஆந்திரா, கர்நாடகம், தமிழ்நாடு என்ற மூன்று மாநிலங்களும் கூடும் மூலையில், சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது ராமகுப்பம். பக்கத்தில் குப்பம் ரெயில் நிலையம். ரெயில் ஏறினால் ஒரு பக்கம் ஜோலார்பேட்டை, மறுபக்கம் பங்காருப்பேட்டை, பெங்களூர். இந்தப் பாதை நெடுகிலும் ஒர்க்‌ஷாப்புகளில் சுத்தியல் பிடித்துப் பிழைக்கும் தமிழர்கள் உண்டு. அவர்கள் கையில் இருக்கும் தொழிலின் அருமையைச் சொல்ல, இந்தத் துருப்பிடித்த ஸ்போர்ட்ஸ் காரே போதும்.

சென்னை ஹெரால்டும் அதன் தம்பியும்

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நமக்குச் சம்பந்தமில்லாத சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். அதற்குச் சென்னையில் சொந்தம் உண்டு!

வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961-ம் ஆண்டு முதல் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" கார் தயாரானது. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும் பானெட்டை, அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் அது 1959-ல் "டிரையம்ப் ஹெரால்டு" என்ற பெயரில் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி.

அதே ஹெரால்டின் சேசிசைக் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டி வரைந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் "டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்". 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் தயாராயின. ஹெரால்டு அண்ணன் என்றால் ஸ்பிட்ஃபயர் தம்பி.

ஆனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஹெரால்டில் சேசிஸ் அகலமானது. பாடியின் பாரத்தை அதுவே தாங்கும். பாடியும் பல பகுதிகளாக போல்ட்டு போட்டு மாட்டியது. ஸ்பிட்ஃபயரில் சேசிசின் பக்கவாட்டுக் கைகளைக் குறைத்துவிட்டார்கள். அந்தப் பாரத்தைக் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டிதான் தாங்குகிறது. "சில்" என்று அதற்குப் பெயர். மேலே கூரையும் துணிதான்.

அந்தப் பெட்டி துருப்பிடித்தால் போவது அழகு மட்டும் அல்ல. வண்டியின் இடுப்பே போய்விடுகிறது!

துரு எங்கே குடியேறுகிறது?

இரும்போடு தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் இன்னும் வேகம். அதனால்தான் கடற்கரையோரம் ஓடிய வண்டி சீக்கிரம் சாகிறது. ராமகுப்பம் போன்ற உள்நாட்டு மேட்டுப் பூமியில் நின்ற வண்டி நீண்டநாள் தாங்குகிறது. ஆனால் கடல் இல்லாத ஊரிலும் மழை உண்டு, சேறு உண்டு.

சக்கரம் வாரி அடிக்கும் சேறு மட்கார்டின் உள்மூலையில் போய் அப்பிக்கொள்ளும். வெளியே வெயில் காய்ந்தாலும் அந்தச் சேறு ஈரத்தை விடாது. கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். துளை அடைத்தால் தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும். துணிக்கூரை ஒழுகினால் தண்ணீர் கால்மிதியின் அடியில் தேங்கும். ரப்பர் மிதி மேலே காய்ந்திருக்கும். அடியில் தரைத்தகடு அரித்துக்கொண்டிருக்கும்.

துரு உண்டாகும்போது அது முந்தைய இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கிறது. அதனால் வண்ணம் கொப்புளம் போல உப்புகிறது. வெளியே பட்டாணி அளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவு தகடு போயிருக்கலாம். துரு உள்ளேயிருந்து வெளியே வருகிறது என்பதை வண்டி வைத்திருப்பவர்கள் மறக்கக்கூடாது.

"பட்டி போட்டு முடிச்சிடுங்க!"

ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கமாகக் காதில் விழும் பேச்சு இது:

"மேஸ்திரி, இந்தச் சின்ன ஓட்டைக்கு எதுக்கு வெட்டுறீங்க? பட்டி போட்டு முடிச்சிடுங்க."

"சார், இன்னிக்கு முடிச்சுடலாம். அடுத்த மழைக்கு நீங்களே திரும்பி வருவீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போன்றதுதான் துருவைப் பட்டியில் மறைப்பது. ஓட்டையில் கம்பி வலையை வைத்து, மேலே பட்டி அப்பி, தேய்த்து, வண்ணம் அடித்தால் அன்று மாலையே மாப்பிள்ளை மாதிரி நிற்கும். ஆனால் பட்டிக்குப் பாரம் தாங்கும் சக்தி கிடையாது. பின்னால் இருக்கும் துருவும் சும்மா இருப்பதில்லை. அரித்துக்கொண்டே போகும்.

அடிப்பாகத்தில் தார் போன்ற கறுப்புப் பூச்சு அடிப்பதும் அப்படித்தான். நல்ல தகட்டின் மேல் அடித்தால் பாதுகாப்பு. துருவின் மேல் அடித்தால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான்.

ஆகவே பழைய கார் வாங்குகிறவர்கள் காந்தத்தோடு போகலாம். மெல்லிய துணியைச் சுற்றி வைத்தால் வண்ணத்தில் கீறல் விழாது. ஆனால் காந்தம் ஒட்டாத இடமெல்லாம் மோசடி என்று சண்டைக்குப் போய்விட வேண்டாம். சில கார்களில் பாடியே ஃபைபரால் ஆனது. பெங்களூரில் 1982-ல் வெளிவந்த சிபானி டால்பின் அப்படிப்பட்டது. அதன் பாடி துருப்பிடிக்காது. அடியில் இருக்கும் இரும்புச் சேசிஸ் துருப்பிடிக்கும்.

வெட்டும் முன் முட்டு!

சரியான வைத்தியம் ஒன்றுதான். பளிச்சென்று நல்ல இரும்பு தெரியும்வரை துருவை வெட்டி எடுத்துவிட்டு, புதுத்தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

ஆனால் எடுத்த எடுப்பில் கிரைண்டரை வைக்கக்கூடாது. கூரையில்லாத காரில் சில்லை வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்துவிட்டால் ஆயுசுக்கும் கதவு மூடாது. எனவே கதவு இருக்கும் வாசலின் குறுக்கே ஆங்கிள் இரும்பால் முட்டுக் கொடுப்பார்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை முன்கூட்டியே அளந்து குறித்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் முழுவதும் முடித்த பிறகே மறுபக்கம் வெட்டுவார்கள்.

பிறகுதான் கைத்திறமை. பழைய பாகத்தின் வளைவை அட்டையில் மாதிரி வெட்டி எடுக்க வேண்டும். அதைத் தகட்டில் வைத்துக் கோடு போட வேண்டும். இந்தத் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம்தான். ஆங்கிள் இரும்பில் வைத்து மடக்கி, பின்னால் டாலிக் கட்டையைப் பிடித்து முன்னால் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவு கொண்டுவர வேண்டும்.

வெல்டிங்கிலும் பொறுமை வேண்டும். ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் சூட்டில் தகடு அப்பளம் போல நெளிந்துவிடும். இந்த முனையில் ஒரு பொட்டு, அந்த முனையில் ஒரு பொட்டு, நடுவில் ஒரு பொட்டு. ஆறவிட்டு, பிறகு இடையில் இன்னொரு பொட்டு. இப்படிப் பொட்டு வைத்தே கோட்டை மூட வேண்டும். முன்பு கேஸ் வெல்டிங்கில் செய்தார்கள். இப்போது சூடு குறைவாகப் பரவும் கம்பி வெல்டிங் வந்திருக்கிறது. வேலை சுலபம், பொறுமை மட்டும் பழையதுதான்.

அதன் மேல் துத்தநாகம் கலந்த பிரைமர். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். கடைசியில் மேடு பள்ளம் தீர மெல்லிய பூச்சாகப் பட்டி. ஆம், பட்டியே கூடாது என்பதில்லை. அது இருக்க வேண்டிய இடம் நல்ல இரும்பின் மேல்! எல்லாம் முடிந்ததும் பெட்டியின் உட்புறத்தில் மெழுகுப் பூச்சு பீய்ச்ச வேண்டும். தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் மறந்தும் அடைக்கக்கூடாது.

அங்கே வாங்குகிறார்கள், இங்கே செய்கிறார்கள்

இங்கிலாந்தில் எம்.ஜி.பி. என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரின் உற்பத்தி 1980-ல் நின்றது. ஆனால் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988-ல் அதே காரின் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம். அங்கே துருப்பிடித்த பாகத்துக்குப் பதில் புதியதைக் கடையில் வாங்கி மாட்டலாம்.

நம் ஹெரால்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வண்டலூர்த் தொழிற்சாலையில் கார் உற்பத்தி 1980-களின் இறுதியில் நின்றுவிட்டது. அதன் பிறகு, வேண்டிய பாகத்தைத் தகட்டிலிருந்து கையால் தட்டி எடுக்கத் தெரிந்த டிங்கரே தொழிற்சாலை!

உடம்பும் முக்கியம்

வண்டியைக் காப்பாற்றுகிறவர் தன்னையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். பெட்ரோல் டாங்க்கைக் கழற்றித் தூரத்தில் வைக்க வேண்டும். காலி டாங்க் என்று அலட்சியம் வேண்டாம். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைப் பற்றவைக்கும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால், சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பற்றவைக்கும் ஓரத்தில் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்தால் தூசி நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்ப்பதே நல்லது. ஹார்டனர் கலந்து அடிக்கும் இந்தக் காலத்து வண்ணங்களுக்குக் கைக்குட்டை கட்டினால் போதாது; முறையான முகமூடி வேண்டும். ஆஸ்துமா வந்தால் தொழிலையே விட நேரும்.

சட்டமும் பார்க்கிறது

50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களை "விண்டேஜ்" வண்டிகளாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப்பதிவுக் கட்டணம் ரூ.20,000. பத்து ஆண்டு கழித்துப் புதுப்பிக்க ரூ.5,000. ஆனால் வண்டி பழைய உருவிலேயே இருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, எஞ்சினைப் பெரிய அளவில் மாற்றியிருக்கக்கூடாது. இப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் பேரணி போன்றவற்றுக்கே அனுமதி.

ஆகவே தன் விருப்பத்துக்கு வெட்டி உருவத்தை மாற்றும் டிங்கரிடம் கொடுத்தால் வண்டியின் மதிப்பும் போகும், பதிவும் சிக்கலாகும். பழைய வளைவை அப்படியே கொண்டுவரும் கைக்குத்தான் மரியாதை.

சுத்தியல் பேசுமா?

புதிய கார்களில் மட்கார்டு நசுங்கினால் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுகிறார்கள். தட்டி நிமிர்த்தும் வேலை குறைகிறது. டிங்கரின் மகன் டிங்கராக விரும்புவதும் இல்லை. நாள் முழுவதும் சத்தம், சூடு, தூசி. அவனைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று. பட்டி அப்புவதை யாரும் சில வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். தகட்டை வளைத்து, அது முன்பு இருந்த உருவத்துக்கே கொண்டுவரப் பல வருஷம் வேண்டும். ஊரை விட்டு ஊர் வந்த தொழிலாளிக்கு நிலம் இல்லை, சிபாரிசு இல்லை. கைவேலையும் அதன் நாணயமுமே அவர் முதலீடு.

வண்ணம் அடித்த பிறகு அவர் செய்த வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் பத்து மழைக்காலம் கழித்து இன்னொருவர் குனிந்து அதே இடத்தில் காந்தத்தை வைப்பார். அது "டக்" என்று ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஒரு சத்தமே அந்தத் தொழிலாளிக்கு நற்சான்றிதழ்!