டேஷ்போர்டு மெத்தை: அழகுக்கா, உயிருக்கா?

லாபு போன்ற தோட்டப்புறங்களில், அப்பா ஓட்டிய பழைய காரைப் புதுப்பிக்கப் பிள்ளைகள் விரும்புவதுண்டு. 1973இல் அறிமுகமான டட்சன் 120ஒய் போன்ற கார்களில் முதலில் கண்ணை உறுத்துவது வெடித்துப்போன டேஷ்போர்டுதான்.

அது ஏன் வெடிக்கிறது? மேல்தோல் பிவிசியால் ஆனது; அதன் அடியில் பாலியூரித்தேன் நுரை. பிவிசிக்கு நெகிழ்வைத் தரும் மென்மையூட்டி, வெயில் சூட்டில் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. தோல் சுருங்கி, இழுபட்டு, வெடிக்கிறது. வெடிப்பின் வழியே வெயில் பட்டு நுரையும் பொடியாகிறது.

எனவே, மேலே புதுத் தோலை ஒட்டினால் மட்டும் போதாது. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டை வெளியே எடுக்க வேண்டும். வெடிப்போரத்தில் தூக்கிநிற்கும் தோலை வெட்டி, உதிரும் நுரையைச் சுரண்டி, நெகிழும் நுரையால் நிரப்ப வேண்டும். இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, சூடு தாங்கும் பசையை இருபுறமும் பூசி, புதிய வினைல் தோலை நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி ஒட்டலாம்.

கார் உடலின் பள்ளங்களை அடைக்கும் பட்டியைச் சிலர் இதிலும் பூசுவர். அது கல்லாக இறுகிவிடும். மோதலில் தலையைக் காப்பதும் இம்மெத்தையின் வேலை. அதனால்தான் அமெரிக்கா 1968இல் காரின் உட்புற மோதல் பாதுகாப்பைச் சட்டமாக்கியது. 120ஒய் காரில் காற்றுப்பை இல்லை என்பதை மறக்க வேண்டாம், நண்பர்களே! பளபளப்பைவிட மென்மையே இங்கு முக்கியம்.